பப்படம் பொரிவதற்குள் ஒரு பதில்

திங்கட்கிழமை திட்டினால் வியாழக்கிழமை கோபப்படுகிற ஒருத்தியோடு திருவனந்தபுரத்தில் ஒரே அறையில் குடியிருந்திருக்கிறேன். எனக்கோ வாயில் வார்த்தை நிற்காது. திருநெல்வேலிக்காரி, கேட்கிறவர் கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்லிப் பழக்கம். எங்கள் இரண்டு பேரையும் தைக்காட்டுப் பெண்கள் விடுதியின் மாடியறையில் சேர்த்துப் போட்டது மேட்ரன் சேச்சி. தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம் உண்டு.

நான் சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். அவள் பூச்செடி விதைகள் முளைக்கும்போது எப்படித் தண்ணீர் குடிக்கின்றன என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். முதல் நாளே இதைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன்.

"விதை தண்ணி குடிக்கதப் பாக்கதுக்கு ஒரு டாக்டர் பட்டமா, ஏட்டி?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். பிறகு பல் துலக்கப் போய்விட்டாள். அந்த வாரக் கடைசியில் நான் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்று, "எல்லாரும் பூ விரியுறதத்தானே அக்கா பாக்குறாங்க. முளைக்கிறத ஆரும் பாக்கல்லல்லோ" என்றாள். எந்தக் கேள்விக்கு இது பதில் என்று யோசித்து எடுக்கவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

பொன்முடிப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசைவீட்டில், பிறந்து வளர்ந்தவள். அம்மா கொழுந்து பறிக்கிறவர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், ஆய்வகத்தில் ஆங்கிலம். மூன்று மொழியிலும் தாமதமாகத்தான் பேசுவாள். "ஏட்டி, உனக்குள்ள என்னதான் நடக்கு?" என்று ஒருநாள் பொறுக்கமுடியாமல் கேட்டேன். அவளும் ஒருநாள், அதாவது வேறொரு நாள், பதில் சொன்னாள். "எங்க லயத்துக்கு பஸ் வர்றது எப்பவாவதுதான் அக்கா. அவசரப்பட்டு ரோட்டுல போய் நின்னா கால்தான் நோகும்."

கோபத்தைச் சொன்னேன் அல்லவா? ஒருநாள் என் நகவெட்டியைக் காணோம் என்று அறையைப் புரட்டிப் போட்டேன். அது அவள் மேசைமேல் இருந்தது. அதை வைத்துச் சங்குப்பூ விதைகளின் தோலை ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருந்தாள். சில விதைகளுக்குத் தோல் அத்தனை கெட்டியாம். ஒரு மூலையில் கிள்ளிவிட்டால்தான் தண்ணீர் உள்ளே போகுமாம். நான் என்னவெல்லாம் சொன்னேனோ தெரியாது, அன்றைக்குக் கடையில் வாங்கிய ஏச்சையும் சேர்த்து அவள் தலையில் இறக்கினேன். அவள் நகவெட்டியைக் கழுவித் துடைத்துக் கொடுத்தாள். விஷயம் முடிந்தது என்றிருந்தேன். சில நாள் கழித்துச் சாப்பாட்டு மேசையில் நான் ஆசையாக ஆப்பத்தைப் பிய்க்கிறேன், எதிரே தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து நின்று, கண்ணெல்லாம் சிவக்க, "அக்கா அப்படிப் பேசினது ஒட்டும் செரியல்ல!" என்று கத்தினாள். விடுதியே திரும்பிப் பார்த்தது. "நான் இப்ப என்ன பேசினேன்?" என்று நான் விழிக்க, எல்லோரும் என்னைத்தான் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

சிரிப்பு வருவது இதைவிட ஆபத்து. எங்கள் கடை முதலாளி கொட்டாவி விட்டுக்கொண்டே கல்லாப்பெட்டி மேல் தூங்கிவிழுந்த கதையை ஒரு சனிக்கிழமை நடித்துக் காட்டினேன். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், இவள் மட்டும் ஒரு விதையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் மேட்ரன் சேச்சியின் மாமியார் இறந்துபோக, துக்கம் கேட்க எல்லோரும் போனோம். உடலைப் பார்த்துவிட்டுச் சுவரோரமாக நிற்கையில் இவளுக்குத் தோள் குலுங்க ஆரம்பித்தது. துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டாள். கண்ணில் நீர் வழிந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. மேட்ரன் சேச்சிக்குப் புரியவில்லை. ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு, "கரயாதே மோளே, அம்மைக்கு வயசாயில்லே?" என்று தேற்றினார். அதற்குப் பிறகு விடுதியில் அவளுக்கு மட்டும் மீன் பொரித்தது இரண்டு துண்டு விழும்.

எங்கள் அறையில் தண்ணீர் ஊற்றிவைக்காத பாத்திரமே கிடையாது. ஆய்வகத்தில் செய்வது போதாதென்று இங்கேயும் மூடிகள், கண்ணாடித் தட்டுகள், என் பழைய பவுடர் டப்பா, எல்லாவற்றிலும் ஈரக் காகிதம், காகிதத்தின்மேல் விதைகள். செண்டுமல்லி விதை போட்டவுடன் மடமடவென்று குடிக்கும். வாடாமல்லி விதைக்குப் பஞ்சுச் சட்டை. தண்ணீர் அதைத் தாண்டி உள்ளே போகவே யோசிக்கும். கல்வாழை விதை கறுப்புக் குண்டு. உரசிவிடாமல் போட்டால் மாதக்கணக்கில் கிடந்தாலும் ஒரு சொட்டு இறங்காது. குறித்த நேரத்துக்கு ஒருமுறை விதையை வெளியே எடுப்பாள், மெல்லிய காகிதத்தில் ஒற்றுவாள், சின்னத் தராசில் நிறுப்பாள், எழுதுவாள், திரும்பவும் தண்ணீரில் விடுவாள். ஒற்றி ஒற்றிக் கை பழகிப்போய், சாம்பாரில் கிடந்த என் இட்லியைக்கூட ஒருநாள் எடுத்து ஒற்றிக் கொடுத்தாள்.

கனகாம்பரம் செய்த கூத்தைச் சொல்லாவிட்டால் அந்த அறைக்குத் துரோகம் செய்த மாதிரி. பூ உதிர்ந்து காய்ந்த கனகாம்பரக் கதிர்களைப் பறித்துவந்து ஜன்னல் திண்டில் காகிதம் விரித்துப் பரப்பியிருந்தாள். அன்றைக்குப் பார்த்து மேட்ரன் சேச்சி அறைச் சோதனைக்கு வந்தார். கட்டிலுக்கடியில் நான் ஒளித்துவைத்திருந்த மின்சாரக் கெட்டிலை நோக்கி அவர் குனியவும் மழை சாய்ந்து ஜன்னலில் அடிக்கவும் சரியாக இருந்தது. ஈரம் பட்டதும் காய்கள் படக் படக்கென்று வெடித்தன. ஒரு விதை பறந்துவந்து சேச்சியின் மூக்குக்கண்ணாடியில் டிங்கென்று மோதியது.

"ஆரடா அது கல்லெறியுன்னது?" என்று சேச்சி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, எதிர்வீட்டு டியூஷன் சென்டரைப் பார்த்து ஒரு பாட்டம் திட்டினார். பாவம், டியூஷன் மாஸ்டர் மழையில் குடை பிடித்துக்கொண்டு வந்து மன்னிப்புக் கேட்டார். இத்தனைக்கும் நடுவில் இவள் தரையில் தவழ்ந்து, எந்த விதை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்துகொண்டிருந்தாள். அடுத்த வாரம் மேட்ரனிடம் போய், "அது கனகாம்பரம் சேச்சி" என்று உண்மையை ஒப்புக்கொண்டாள். "எது?" என்றார் சேச்சி.

ஆளைக் கேலி செய்கிறேன், ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். அந்த வருடம் எனக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணம் நின்றுபோனது. காரணம் இப்போது தேவையில்லை. செய்தி வந்த அன்று விடுதி முழுக்க என் கட்டிலில் உட்கார்ந்திருந்தது. ஆளுக்கொரு ஆறுதல், ஆளுக்கொரு யோசனை, பக்கத்து அறைக்காரி ஐஸ்கிரீம் வாங்கிவந்தாள். இவள் மட்டும் விதைகளை நிறுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவள்மேல் ஆத்திரமாக வந்தது. நாட்கள் போயின. எல்லோரும் மறந்துவிட்டார்கள், நானும் மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு, பகலெல்லாம் சத்தமாகப் பேசிக்கொண்டு, குளியலறைக்குள் போய் மட்டும் அழுதுகொண்டிருந்தேன். அப்படி அழுதுவிட்டு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் தராசை ஓரமாக வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப எப்படி இருக்கு அக்கா?" என்றாள்.

அப்போதுதான் என்னால் வாய்விட்டு அழ முடிந்தது. அன்று மதியம் முழுக்க அவள் நகரவில்லை. நிறுக்க வேண்டிய நேரம் தாண்டிப்போய் ஒரு தட்டு விதையை அப்படியே கொட்ட வேண்டிவந்தது. இவளைப்போல எனக்கு ஒருத்தி கிடைக்கமாட்டாள் என்று அன்றே தெரிந்துகொண்டேன்.

அதனால்தான் அவளுடைய வாய்மொழித் தேர்வு என்றதும் அவளைவிட நான்தான் அதிகம் பயந்தேன். ஆய்வேட்டைக் கொடுத்தாகிவிட்டது. கோயம்புத்தூரிலிருந்து ஒரு பேராசிரியர் வருவார். அவர் கேட்கக் கேட்க, எல்லோர் முன்னாலும் இவள் உடனுக்குடன் பதில் சொல்ல வேண்டும். இவளா? உடனுக்குடனா? இவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். இந்தத் தடவை தவறினால் புதிய வழிகாட்டி, புதிய தொடக்கம், எத்தனை வருடம் என்று யாருக்கும் தெரியாது. அதற்குள் அவள் அம்மாவுக்கு மலை ஏறி இறங்கித் தேய்ந்த முட்டி முழுதும் போய்விடும். பட்டம் வந்தால் ஏதாவது ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்து அம்மாவைக் கொழுந்துக்கூடையிலிருந்து விடுவிக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவள் திட்டம். இதை யாரும் கேட்காமலேயே அவள் சொல்லியிருந்தாள், அதனால் எவ்வளவு நாளாக மனதில் ஊறிய விஷயம் என்று எனக்குத் தெரியும்.

விடுதியே பயிற்சியில் இறங்கியது. தலைமைத் தேர்வாளர் சமையல்கார அக்கா, களியக்காவிளைக்காரர். அடுப்பில் எண்ணெய் காயும். அக்கா பப்படத்தைப் போடும்போது ஒருத்தி கேள்வி கேட்பாள். பப்படம் பொரிந்து மேலே வருவதற்குள் பதில் வர வேண்டும் என்பது சட்டம்.

"வாடாமல்லி வித்து எதுக்கு மெள்ள முளைக்குது?" என்று நான் கேட்டேன். பப்படம் பொரிந்தது, சிவந்தது, கருகியது. இவள் கரண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்க பப்படம் எல்லாம் கரிஞ்சி போச்சு பிள்ளே!" என்று அக்கா தலையில் கைவைத்தார். "நான் கேக்கேன், பதில் சொல்லு. நான் நட்ட கொத்தமல்லி எதுக்கு முளைக்கேல?"

அன்றிரவு ரசத்துக்குத் தொட்டுக்கொள்ள ஆளுக்கு இரண்டு கரிந்த பப்படம். இரண்டு நாள் கழித்து, "அக்கா, கொத்தமல்லிய முழுசா போட்டா செரியாகாது, ரெண்டா உடைச்சுப் போடணும்" என்று இவள் அடுக்களை வாசலில் போய்ச் சொன்னாளாம். அக்கா அதற்குள் கொத்தமல்லித் தொட்டியில் கறிவேப்பிலை வைத்துவிட்டார்.

கடைசியில் நான் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன். "எவன் என்ன கேட்டாலும் முதல்ல 'நல்ல கேள்வி சார்'னு சொல்லு. அந்த நேரத்துல யோசிச்சுக்கலாம்லா" என்றேன். தொலைக்காட்சியில் பெரிய மனிதர்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். இதை மட்டும் அவள் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள்.

தேர்வு ஒரு செவ்வாய்க்கிழமை. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்றதால் கடைக்கு லீவு போட்டுவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். அவள் படம் போட்டுக் காட்டிப் பேசும்போது நன்றாகத்தான் பேசினாள். திரையில் அவளுடைய வளைகோடு தெரிந்தது. விதை தண்ணீர் குடிக்கக் குடிக்க எடை ஏறுகிறது, பிறகு ஏறாமல் நீளமாகச் சமதரையாகப் போகிறது, பிறகு திரும்பவும் ஏறுகிறது.

கோயம்புத்தூர் பேராசிரியர் நெற்றியில் திருநீறும் சட்டைப்பையில் இரண்டு பேனாவுமாக இருந்தார். முதல் கேள்வி கேட்டார்.

"நல்ல கேள்வி சார்" என்றாள்.

பேராசிரியருக்கு முகம் மலர்ந்தது. அமைதி நீளவும், தன் நல்ல கேள்வியைத் தானே விளக்க ஆரம்பித்து, விளக்கம் அப்படியே பதிலாக மாறி, "அதைத்தானே சொல்ல வர்றீங்க?" என்று முடித்தார். அவள் தலையாட்டினாள். இரண்டாவது கேள்வியை உள்ளூர் பேராசிரியை ஒருவர் கேட்டார். "நல்ல கேள்வி மேடம்." அவரும் தானே பதில் சொல்லிக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை, பக்கத்திலிருந்த பையனிடம் என் ஏற்பாடு என்று சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது.

மூன்றாவது கேள்வியில்தான் மாட்டிக்கொண்டாள். பேராசிரியர் திரையில் அந்தச் சமதரைப் பகுதியைக் காட்டினார். "இந்த இடத்துல எடை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. விடாம எடை போட்டிருக்கீங்க. ஒண்ணுமே நடக்காத இடத்துல எதுக்கு இத்தனை உழைப்பு? இதை விட்டிருந்தா என்ன நஷ்டம்?"

"நல்ல கேள்வி சார்."

இந்த முறை அவர் வாயைத் திறக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வழிகாட்டி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். நான் கடைசி வரிசையிலிருந்து கண்ணாலும் கையாலும் என்னென்னவோ ஜாடை காட்டினேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆய்வேட்டின் உயிரே அந்தப் பகுதிதான், அதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. "சரி, சாப்பிட்டுட்டு வந்து முடிவு சொல்றோம்" என்று எழுந்துவிட்டார்கள்.

வெளியே வந்ததும் எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. திட்டவில்லை. இவள் கோபப்படுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று தோன்றியது. சமையல்கார அக்கா பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வரச் சொல்லியிருந்தார். முடிவு தெரியும்வரை அங்கேயே நின்று என்ன செய்வது என்று அவளை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பழவங்காடியில் எப்போதும் கூட்டம். தேங்காய் வாங்கி அவள் கையில் கொடுத்தேன். உடைக்கிற இடத்தில் போய் நின்று கையை ஓங்கினாள். ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றுவிட்டது. பின்னால் தேங்காயோடு வரிசை நீண்டது.

"ஒன்னு எறியு கொச்சே, ஞங்ஙளுக்கும் போகண்டே?" என்று ஒருவர் சலித்துக்கொண்டார்.

அவள் திரும்பினாள். தேங்காயை என் கையில் திணித்துவிட்டு ஓட ஆரம்பித்தாள். அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை. ஆட்டோக்களுக்கு நடுவே புகுந்து சாலையைக் கடந்து, எதிர்ப்பக்கத்துச் சைவச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தாள். வழிகாட்டி வெளியூர்க்காரர்களை எப்போதும் போளி சாப்பிட அங்கேதான் கூட்டிப்போவார் என்று அவளுக்குத் தெரியும். நானும் தேங்காயோடு பின்னால் ஓடினேன்.

பேராசிரியர் இலையில் போளியைப் பாலடைப் பாயசத்தில் பிசைந்துகொண்டிருந்தார். இவள் மூச்சு வாங்க எதிரே போய் நின்றாள்.

"சார், அந்த நிரப்பான பாகம், சமதரையாப் போறது."

வழிகாட்டிக்குப் புரையேறியது. பேராசிரியர் பிசைவதை நிறுத்தினார்.

"செத்த வித்தும் குடிக்கும் சார். முதல்ல உயிருள்ளதும் செத்ததும் ஒரே மாதிரித்தான் குடிக்கும். காஞ்சு கிடந்ததல்லே, வெள்ளத்த இழுக்கும். அதுக்கு உயிர் வேண்டா. நிறைஞ்சதும் ரெண்டும் நிக்கும். தராசுல ஒண்ணும் தெரியாது. பக்ஷே உயிருள்ளது அங்கதான் சார் வேலையத் தொடங்குது. உள்ள கெட்டுப்போனதச் செரியாக்குது, சேத்துவச்ச சாப்பாட்ட உடைக்குது, வேர் விட ஒருங்குது. பின்னே ரெண்டாவது தடவை குடிக்கும். செத்தது அதக் குடிக்கவே குடிக்காது. நடுவுல நான் நிறுக்கிறத விட்டிருந்தா, செத்ததையும் உயிருள்ளதையும் ஒண்ணாத்தான் எழுதியிருப்பேன். எந்தப் பூ எத்தற நேரம் அப்படி நிக்கும்னு தெரிஞ்சாத்தானே சார், விதைச்சவன் முளைக்கல்லேன்னு தொட்டியக் கிளறாம இருப்பான்?"

சாம்பார் வாளியோடு வந்த ஆள்கூட நின்று கேட்டான்.

"இதைத்தான் அம்மணி நான் கேட்டேன்" என்றார் பேராசிரியர். "புஸ்தகத்துலயும் இருக்குது. ஆனா நீ பாத்துச் சொல்றயா, படிச்சுச் சொல்றயான்னு எனக்குத் தெரியோணுமல்ல? ஆறு மாசம் கழிச்சு மறுபடி வரச் சொல்லலாம்னு இப்பத்தான் உங்க சாருகிட்டப் பேசிட்டிருந்தேன்." இடது கையால் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க டாக்டர். போளி சாப்பிடுங்க."

தேங்காயை மேசைமேல் வைத்துவிட்டு நான் ஓவென்று அழுதேன். வழிகாட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளித்து, போளியைப் பிய்த்துச் சாப்பிட்டாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

விடுதியில் அன்று அடைப் பிரதமன் பாயசம். மேட்ரன் சேச்சி அவளுக்கு முத்தம் கொடுத்தார். மாடியில் பட்டாசுகூட வெடித்தார்கள். அம்மாவிடம் போனில், "கிட்டிடுச்சும்மா, ஞாயித்துக்கிழமை வர்றேன்" என்று சந்தைக்குப் போகிற செய்தி மாதிரிச் சொல்லி வைத்துவிட்டாள்.

"சந்தோசமே இல்லியா மக்கா உனக்கு?" என்று சமையல்கார அக்கா கேட்டே விட்டார். அவள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளோடு நானும் பொன்முடி பஸ் ஏறினேன். சந்தைப் பைகளோடு தோட்டத்துப் பெண்கள், பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், முன்சீட்டில் ஒரு சேவல். விதுரை தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் நான் கண்ணயர்ந்துவிட்டேன். ஏதோ ஒரு கொண்டை ஊசி வளைவில் காதருகே ஒரு அலறல். விழித்துப் பார்த்தால் இவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள்.

"நான் பாஸாயிட்டேன்! அய்யோ அக்கா, நான் பாஸாயிட்டேன்! அம்மா இனி கூடை தூக்க வேண்டா!"

குதித்தாள். சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஏங்கி ஏங்கி அழுதாள். டிரைவர் பயந்துபோய் பிரேக் போட்டார். சேவல் கத்தியது. பெண்கள் எல்லோரும் எழுந்து, என்ன ஏது என்று விசாரித்து, விஷயம் தெரிந்ததும் அவளைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தைக் கிள்ளினார்கள். கண்டக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, இப்போதுதான் போனில் செய்தி வந்திருக்கும் என்று நினைத்திருப்பார் போல, அவரும் வாயெல்லாம் பல்லாகக் கேட்டார்.

"ஆஹா, டாக்டரேட்டு கிட்டியோ மோளே! எப்போ?"

அவள் துப்பட்டாவால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள்.

"கழிஞ்ச செவ்வாய்க்கிழமை சேட்டா" என்றாள்.